அந்தி சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்கிறார்

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது, அல்சைமர் என்ற மறதி நோய் என்று கண்டுபிடித்து இரண்டு வருஷமாகிறது. பகலில் அமைதியாக இருப்பவர், விளக்கு வைக்கும் நேரமானால் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறார். "இதுதாம்மா உன் வீடு" என்று கணவர் சொன்னால் சண்டைதான். போன வாரத்திலிருந்து ராத்திரியும் தூக்கமில்லை. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அல்பிரஸோலம் மாதிரி மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும், நடு ராத்திரியில் பாத்ரூம் போக எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். தெரிந்தவர் வீட்டில் கொடுக்கிறார்கள் என்று குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் பக்கமும் போகாதீர்கள். டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறது. தேவைப்படும் நேரம் உண்டு, ஆனால் அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"போன வாரத்திலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அல்சைமர் மெல்ல நகரும் நோய். சில நாட்களிலேயே ஆள் மாறிப்போனால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, ரத்தத்தில் சோடியம் குறைவது, சொல்லத் தெரியாத ஏதோ ஒரு வலி. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகூட மூளையைக் குழப்பும். அதனால் இன்றோ நாளையோ டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு.

அப்புறம் அந்த வீடு. பெரும்பாலும் அவர் தேடுவது பிறந்த வீடாகவோ, அம்மா இருந்த காலமாகவோ இருக்கும். உடம்பின் நேரக் கணக்கு நோயால் குலைந்துபோய், நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பும் மங்கல் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும்போது இந்தத் தவிப்பு வருகிறது. உங்கள் கணவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மைதான், ஆனால் பத்திரத்தைக் காட்டினாலும் அத்தைக்கு அது எடுபடாது. "போகலாம் அத்தை, அங்கே யாரெல்லாம் இருக்காங்க? கிணறு உண்டா?" என்று கேளுங்கள், கொஞ்சம் பேசவிடுங்கள், செருப்பை மாட்டித் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். "உங்க அம்மா செத்து நாப்பது வருஷமாச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள்; ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவுதான். இப்படி அவர் போக்கில் பேசுவதைப் பொய் என்று நினைத்து நிறைய பேர் சங்கடப்படுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை.

இருட்டுவதற்கு முன்பே, ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். சின்ன டிபன் ஏதாவது அப்போதே கொடுத்துவிடலாம், காபி மட்டும் மத்தியானத்தோடு சரி. காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரட்டும், பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் போக வேண்டாம். அந்த நேரத்து சீரியலை அணைத்துவிட்டால் நல்லது, அதில் போடும் சண்டை நம் வீட்டில்தான் நடக்கிறது என்று சிலர் நம்பிவிடுவார்கள்.

வெளியே பூட்டிவிட்டு அவரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள், தீ விபத்து என்றால் வழியில்லை. ஒரு துணித்துண்டில் உங்கள் போன் நம்பரை எழுதி ஜாக்கெட்டின் உள்பக்கம் தைத்துவிடுங்கள், ஆட்டோ ஸ்டாண்டிலும் மளிகைக் கடையிலும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். உங்களுக்கோ கணவருக்கோ தாங்க முடியாமல் போனால், 14416-க்குக் கூப்பிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரியிலும்.