நம் பகுதியில் திறக்கப்படும் வீடற்றோர் தங்குமிடத்தை எப்படி வரவேற்பது?

உங்கள் தெருவில் வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடம் வரவிருப்பதாகவும், வரவேற்க மனமிருந்தும் அச்சமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

அச்சத்தை மறைக்க வேண்டியதில்லை. அதைக் கேள்விகளாக்கி, திறப்பதற்கு முன்பே தங்குமிடத்தை நடத்துவோரிடம் கேட்பதே நல்ல தொடக்கம். வாசலில் நீளும் வரிசை, பகலில் போக்கிடமின்றி நடைபாதையில் அமர்ந்திருப்போர், வெளியே கிடக்கும் மூட்டைகள் ஆகியவை தங்குவோரின் குணத்தால் அன்றி, பெரும்பாலும் கட்டட அமைப்பாலும் நேர விதிகளாலும் உண்டாகின்றவை. ஆகவே, காத்திருக்க உள்ளேயே இடம் உண்டா, காலையில் அனைவரையும் வெளியேற்றிவிடுவார்களா, உடைமைகளை வைக்கப் பூட்டுள்ள பெட்டிகள் உண்டா, நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கப்படும் தொலைபேசி எண் எது என்றெல்லாம் கேட்டு, விடைகளை எழுத்து வடிவ உடன்பாடாகப் பெறுங்கள். வாய்மொழி உறுதி, பொறுப்பாளர் மாறியதும் காற்றோடு போய்விடும். அவ்வுடன்பாட்டை அவ்வப்போது பரிசீலிக்கும் கூட்டத்தில், அங்கே தங்கியிருப்போரில் ஒருவரும் அமர வேண்டும் என்பது என் கருத்து.

பழைய துணிகளைக் குவிப்பது (பிரித்து அடுக்கும் வேலைதான் மிஞ்சும்) உதவியாகாது. தேவைப் பட்டியலைக் கேட்டு, புதிய உள்ளாடை, காலுறை போன்றவற்றைக் கொடுங்கள். யாரையும் படம் எடுக்காதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவரும் அவர்களிடையே இருக்கலாம்.