கேப்ஸ்யூலில் தொப்பை கரையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயது 38, எடை 76 கிலோ. ஜிம்மில் ஒரு புரோபயாடிக் (உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்) கேப்ஸ்யூலைச் சிபாரிசு செய்கிறார்கள். மூன்று மாதத்தில் 8 கிலோ இறங்குமாம். நம்பி வாங்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

8 கிலோவை மறந்துவிடுங்கள். அதிக எடை உள்ளவர்களிடம் நடந்த 15 ஆய்வுகளை, மொத்தம் 957 பேர், 2018-ல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். 3 முதல் 12 வாரம் வரை புரோபயாடிக் எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் இருந்த வித்தியாசம் சராசரியாக 600 கிராம். காலையில் வெறும் வயிற்றோடு ஏறி நிற்கும்போதும், ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறி நிற்கும்போதும் எடை மெஷின் இதைவிட அதிக வித்தியாசம் காட்டும்.

அதற்காக எல்லாமே பொய் என்று ஒதுக்கவும் முடியாது. 2010-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 87 பேர் தினமும் 200 கிராம் புளித்த பாலை 12 வாரம் குடித்தார்கள். 'லாக்டோபேசில்லஸ் காசெரி எஸ்பிடி2055' என்ற குறிப்பிட்ட வகை பாக்டீரியா சேர்த்த பாலைக் குடித்தவர்களுக்கு வயிற்றின் உள்கொழுப்புப் பரப்பு 4.6 சதவீதமும், எடை 1.4 சதவீதமும் குறைந்தன. உங்கள் எடைக்கு அது ஒரு கிலோ சொச்சம். அதே பாக்டீரியாவை வைத்துப் பின்னால் செய்த ஆய்வில், குடிப்பதை நிறுத்திய நான்கே வாரத்தில் பலன் மங்கத் தொடங்கியது. 2014-ல் கனடாவின் லவால் பல்கலைக்கழக ஆய்வில் வேறொரு வகை பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். டயட்டோடு சேர்த்து எடுத்த பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது, ஆண்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

இவற்றில் கவனிக்க வேண்டியது அந்த நீளமான பெயர்தான். எஸ்பிடி2055-க்குக் கிடைத்த முடிவு அதற்கு மட்டுமே சொந்தம். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பாக்டீரியாவை அடைத்துவிட்டு, "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று அட்டையில் போட்டுக்கொள்வது சந்தையில் சர்வ சாதாரணம். ஜிம்மில் கொடுத்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'புரோபயாடிக் பிளெண்ட்' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

குண்டு எலியின் குடல் பாக்டீரியாவை ஒல்லி எலிக்கு மாற்றினால் அதுவும் குண்டாகிறதாமே? – வாசகர், மதுரை

2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை அது. ஆனால் மாற்றப்பட்டது சாதாரண ஒல்லி எலிக்கு அல்ல. கிருமியே படாமல் கூண்டில் வளர்த்த எலிக்கு. குண்டு எலியின் பாக்டீரியாவை வாங்கிய எலிகளுக்கு, ஒல்லி எலியின் பாக்டீரியாவை வாங்கியவற்றைவிடக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. நம் குடலில் ஏற்கெனவே லட்சம் கோடிக்கணக்கில் குடித்தனம் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் சில நூறு கோடி, பெரும்பாலும் சில நாளோ சில வாரமோ தங்கிவிட்டு வெளியேறிவிடும்.

வீட்டுத் தயிர் போதாதா? கடைப் புரோபயாடிக் தயிர் இரண்டு மடங்கு விலையாக இருக்கிறதே. – வாசகி, கும்பகோணம்

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பும் 2001-ல் தந்த வரையறைப்படி, நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், உடலுக்கு நன்மை தர வேண்டும். அப்போதுதான் புரோபயாடிக். வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா தாராளமாக உண்டு. ஆனால் எந்த வகை, எத்தனை என்பது உங்கள் உறைமோருக்கே வெளிச்சம். அதனால் அந்த முத்திரையைக் குத்த முடியாது. தினசரிச் சாப்பாட்டுக்கு அது ஒரு குறையே இல்லை.

உறை ஊற்றுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அரை லிட்டர் பாலை நன்றாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். சுத்தமான விரலை விட்டால் சுடாமல் வெதுவெதுப்பாக, ஏறத்தாழ 40 டிகிரியில், இருக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் புதுத் தயிரை அடித்து ஊற்றிக் கலக்குங்கள். அசைக்காமல் மூடி வைத்தால் வெயில் காலத்தில் 4 முதல் 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழிக் குளிரில் 8 முதல் 10 மணி நேரம் வரை ஆகலாம். உறைந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். பால் கொதியாக இருக்கும்போது உறை விட்டால் பாக்டீரியா செத்துப் பால் உறையாது, அல்லது தண்ணீர் பிரிந்து நிற்கும். உறை அதிகமானால் சீக்கிரம் புளிக்கும். கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கிறதா? உறைமோரில் வேறு வகை பாக்டீரியா புகுந்திருக்கிறது. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்காமல், வேறு வீட்டிலிருந்து புது உறை வாங்கி ஆரம்பியுங்கள். மேலே பூஞ்சை, இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடக் கூடாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று: ஆவி பறக்கும் சோற்றில் தயிரைப் பிசைந்தால் பாதிப் படை அங்கேயே காலி. மோர்க்குழம்பு கொதித்துவிட்டால் மிச்சமும் காலி. ருசிக்குச் சாப்பிடுங்கள், பாக்டீரியாக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் இட்லி? – வாசகர், சேலம்

மாவில் உயிருண்டு, இட்லியில் இல்லை. ஆவியில் வெந்ததும் போய்விடுகிறது. எளிதில் செரிப்பது புளிப்பின் புண்ணியம்.

பழைய சோறு வேறு கதை. மறுபடி சூடாக்காமல் சாப்பிடுவதால் லாக்டிக் அமில பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குப் போகிறது. ஆனால் வடித்த சோற்றைச் சட்டியில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகப் போட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. சோற்றில் வளரும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் நச்சு வாந்தியைக் கொண்டுவரும். சோறு சூடு ஆறியவுடனேயே, மூழ்கும் அளவு சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடுங்கள். 8 முதல் 12 மணி நேரம் போதும். சர்க்கரை உள்ளவர்கள் நீராகாரத்தைக் குடித்து, சோற்றை அளந்து போட்டுக்கொள்ளலாம்.

ஒரு புரோபயாடிக்கில் 650 கோடி பாக்டீரியா, இன்னொன்றில் 10 பில்லியன் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? – வாசகர், கோவை

1 பில்லியன் என்பது 100 கோடி. ஆகவே 10 பில்லியன், 1000 கோடி. எண்ணிக்கை கூடினால் பலன் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். லேபிளில் 'சிஎஃப்யூ' என்று எழுதியிருப்பது அந்த எண்ணிக்கையைத்தான். அது தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி நாள் வரைக்குமான உத்தரவாதமா என்று பாருங்கள். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் எழுத்தோ எண்ணோ இருக்க வேண்டும். பழைய பெயர் 'லாக்டோபேசில்லஸ் கேசி', புதுப் பெயர் 'லாக்டிகேசிபேசில்லஸ்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 2020-ல் வகைப்பாட்டை மாற்றினார்கள், ஆள் ஒன்றுதான்.

குளிரில் வைக்க வேண்டியது என்று போட்டிருந்தால், சித்திரை வெயிலில் கடை மேஜைமேல் கிடக்கும் டப்பாவைத் தொடாதீர்கள். 'பேசில்லஸ் கோயகுலன்ஸ்', 'பேசில்லஸ் கிளாசி' இரண்டும் விதை போன்ற கெட்டியான உறை போர்த்தியவை, வெளியே இருந்தாலும் தாங்கும். எடை குறைக்க வாங்குபவர்கள் சர்க்கரை வரியையும் படிக்க வேண்டும். பழ வாசனைத் தயிர்களில் அது பொல்லாத அளவுக்குப் போகும்.

ஆன்டிபயாடிக்கோடு டாக்டர் குட்டிப் பாட்டிலில் புரோபயாடிக்கும் எழுதிக் கொடுக்கிறார். அவசியமா? – வாசகி, திருச்சி

ஆன்டிபயாடிக் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் சில வகைகளுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. எடைக் குறைப்பைவிட இங்கே வாதம் வலுவானது. சாதாரண பாக்டீரியா வகையானால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். 'சாக்கரோமைசஸ் பவுலார்டி' ஈஸ்ட் இனம். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, பூஞ்சைக்குத் தரும் மருந்து கொன்றுவிடும். மருந்து முடிந்தபிறகும் மாதக்கணக்கில் தொடர்வது நல்லதென்று சொல்ல முடியாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவரவர் சொந்த பாக்டீரியா திரும்பி வரத் தாமதமானது.

அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது. சத்துக்காகக் கொடுக்கலாமா? – வாசகர், வேலூர்

புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கேப்ஸ்யூல்கூட வேண்டாம். எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்தவர்கள், ரத்தக் குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்தியவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோருக்கு இந்த 'நல்ல' பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம். இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அந்தக் காசை வேறு எதில் போட்டால் எடைக்கும் குடலுக்கும் உதவும்? – வாசகி, திருநெல்வேலி

நார்ச்சத்தில். உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் சாப்பாடு அதுதான். அதை நொதிக்க வைத்து அவை உண்டாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள், வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன்களைத் தூண்டுகின்றன. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஏறத்தாழ 7 கிராம் கிடைக்கும். ஒரு நடுத்தரக் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரையோ அவரைப் பொரியலோ இரண்டு கரண்டி வையுங்கள். தட்டு நிறைந்திருக்கும், கலோரி இறங்கியிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வாயு பிடுங்கும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

கேப்ஸ்யூலை எப்போது விழுங்க வேண்டும்? முதல் வாரம் வயிறு உப்புகிறதே? – வாசகர், புதுச்சேரி

பொதுவாகச் சாப்பாட்டோடு, அல்லது அதற்குச் சற்று முன். சூடான காபியோடு வேண்டாம். உப்புசம் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுங்கள். லேபிளில் இன்யூலின் என்ற நார்ச்சத்து இருந்தால் வாயுவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நான்கு வாரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லையா, அடுத்த டப்பா வாங்காதீர்கள்.