பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களில் எலக்ட்ரீஷியனாக வேலை செய்கிறேன். மீட்டர், ஸ்பேனர், வயர் எல்லாம் திணித்த முதுகுப்பையோடுதான் எம்ஆர்டி ரயிலில் விடுதிக்குத் திரும்புவேன். நிலைய வாசலில் பை சோதனை இருந்தால் பெரும்பாலும் என்னை நிறுத்துவார்கள். அதைப் பொறுத்துக்கொள்கிறேன். ரயிலில் நான் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் பையைக் காலடியில் வைத்து அசதியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்ற பயணி ஒருவர், "உள்ளே என்ன வைத்திருக்கிறாய்? திற" என்று அதட்டினார். திறந்து காட்டினேன். "நீங்களெல்லாம் வந்த பிறகு ரயிலில் நிம்மதியே போய்விட்டது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பெட்டி நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு நான் உட்காருவதே இல்லை. தளத்திலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக் கதவோரம் நிற்கிறேன். சில நாள் ரயிலை விட்டுவிட்டு பஸ் மாறி மாறிப் போகிறேன். சீருடையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது. வியர்ப்பதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்களோ என்று மேலும் வியர்க்கிறது. இப்போதெல்லாம் வேறு யாராவது பெரிய பையோடு ஏறினால் எனக்கே பயம் வருகிறது.

மனைவியும் மகளும் பள்ளி விடுமுறைக்கு இங்கே வர ஆசைப்படுகிறார்கள். மகள் கண்முன்னே யாராவது என்னை அப்படிப் பேசிவிட்டால்? ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். நான்தான் அளவுக்கு மீறி நினைத்துக்கொள்கிறேனா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை. அந்த மனிதர் உங்களிடம் பேசியது பாகுபாடுதான். அதை வேறு பெயரில் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று யாரும் வாய் திறக்காதது எனக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயங்கள் உங்கள் மனதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. நிலைய வாசலில் பையைச் சோதிப்பவர் தனக்கு இடப்பட்ட வேலையைச் செய்கிறார். பெரிய பையென்றால் நிறுத்துவார், பார்ப்பார், அனுப்பிவிடுவார். ரயிலில் அதட்டியவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இனி யாராவது அப்படிக் கேட்டால் நீங்கள் பையைத் திறக்க வேண்டியதில்லை. "என் வேலைச் சாமான்கள். சந்தேகம் இருந்தால் நிலைய ஊழியரை அழையுங்கள்" என்பது போதும். வசைபாடினால் நேரத்தையும் நிலையத்தையும் குறித்துக்கொண்டு ஊழியரிடம் சொல்லுங்கள். மிரட்டினால் 999இல் போலீஸை அழையுங்கள். பொது இடத்தில் ஒருவரை மிரட்டுவதும் இழிவாகப் பேசித் துன்புறுத்துவதும் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலை அனுமதியில் இருப்பவருக்கும் அந்தச் சட்டம் துணை நிற்கும்.

ரயிலைப் பற்றிய அச்சம் இந்த ஊரில் காரணமில்லாமல் வந்ததல்ல. 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாதக் குழுவினர் பிடிபட்டபோது, ஈசூன் எம்ஆர்டி நிலையப் பகுதியைத் தாக்குவதற்காக அவர்கள் வேவு பார்த்திருந்தது வெளியே வந்தது. ஆனால் அப்போது பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர்க் குடிமக்கள். வெளிநாட்டு ஊழியரின் முகத்தைப் பார்த்து ஆபத்தை முடிவு செய்வது அநியாயம் மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் உதவாது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைக் கண்டால் சொல்லுங்கள் என்ற வேண்டுகோள் உங்களுக்கும் சேர்த்துத்தான். காவல் காக்கும் பக்கத்தில்தான் நீங்களும் இருக்கிறீர்கள்.

இனி உங்கள் படபடப்புக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். கதவோரம் நிற்பது, பையை அணைத்துக்கொள்வது, பஸ் மாறிப் போவது எல்லாம் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் பத்திரமாக வீடு சேர்ந்ததும் மனம் என்ன கணக்குப் போடுகிறது தெரியுமா? 'பையை அணைத்திருந்ததால் தப்பித்தேன்' என்று. அணைக்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால்தான் மாதங்கள் ஆகியும் பயம் குறையவில்லை.

ஆகவே ஒவ்வொன்றாக விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லாத வேளையில், விடுதி நண்பர் ஒருவரோடு தேக்காவுக்கு ரயிலில் போங்கள். உட்காருங்கள். பை காலடியில் இருக்கட்டும். நெஞ்சு அடித்துக்கொண்டால் உடனே இறங்கிவிடாதீர்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். உச்சிக்குப் போன படபடப்பு தானாகவே இறங்கும். அது இறங்குவதை உடம்பு ரயிலுக்குள்ளேயே உணர வேண்டும். பழகிய பிறகு தனியாகப் போங்கள், அதன்பின் வேலை முடிந்து திரும்பும் கூட்ட நேரத்தில். குளித்துச் சட்டை மாற்றுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். மற்றவர் மூக்குக்குப் பயந்து செய்ய வேண்டாம்.

பக்கத்து இருக்கை காலியாக இருப்பதற்கான காரணம் சில சமயம் நீங்கள் அஞ்சுவதுதான். சில சமயம் அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டியவர் நின்றுகொண்டிருப்பார். எது என்று அந்த நொடியில் தெரியப்போவதில்லை. தெரியாததற்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மற்றவர் பையைக் கண்டு நீங்கள் பயப்படுவதற்காக வெட்கப்பட வேண்டாம். மிரண்ட மனம் எதையும் சந்தேகிக்கும். உங்கள் பயம் தணியும்போது அதுவும் தணிந்துவிடும்.

மனைவியிடம் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் சாக்குகளைக் கேட்டு அவர் வேறு எதையாவது நினைத்துக் கவலைப்படக்கூடும். மகளுக்கும், ரயிலில் சிலர் மரியாதையில்லாமல் பேசலாம், அப்போது அப்பா என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். விசாவுக்கான வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.

தூக்கம் கெட்டாலோ, வேலைக்கே போக முடியாமல் போனாலோ நேரில் உதவி தேடுங்கள். ஹெல்த்செர்வ் அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை தருகிறது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள். ரயிலில் உட்கார்ந்து போன பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.