பூசை முடிஞ்சு ரூமுக்கு வந்தா பேச ஆளே இல்ல

வணக்கம் மேடம்,

நான் ஒரு கத்தோலிக்க குரு. குருப்பட்டம் வாங்கி இன்னும் ஒரு வருஷம் கூட ஆகல, ஒரு பங்குல உதவிப் பங்குத்தந்தையா இருக்கேன். குருவாகப் படிச்ச செமினரில எப்பவும் சுத்தி ஆளுங்க, சேர்ந்து ஜெபம், சேர்ந்து சாப்பாடு, ராத்திரி பெல் அடிக்கிற வரைக்கும் அரட்டை. இங்க காலைல பூசை முடிஞ்சதும் ஆரம்பிக்கிற ஓட்டம் ராத்திரி வரைக்கும் நிக்காது, ஆனா அத்தனை பேர்கிட்ட பேசிட்டு ரூமுக்கு வந்து கதவ சாத்தினா மனசு விட்டுப் பேச ஒருத்தர் கூட இல்ல.

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல ஒரு குழந்தையோட அடக்கம். ஒரு ஆளே தூக்கிட்டு வர்ற அளவுக்குச் சின்ன வெள்ளைப் பெட்டி, அந்த அப்பாதான் தூக்கிட்டு வந்தார், தீர்த்தம் தெளிக்கும்போது என் கை நடுங்கினத அவர் பார்த்துட்டார். அது முடிஞ்சு சாயங்காலம் ஒரு கல்யாணம், போட்டோவுக்கு சிரிச்சுகிட்டு நின்னேன். ராத்திரி திருப்புகழ்மாலை, அதான் குருக்கள் தினமும் சொல்ற ஜெபப் புஸ்தகத்த திறந்து ஒரே சங்கீதத்த திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், ஒண்ணும் உள்ள போகல. இப்போ தினமும் அப்படித்தான் இருக்கு.

மக்கள் வந்து தங்களோட பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல கேக்குறது வேற. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உள்ளயே கிடந்து கனக்குது. அப்பா வயசுக்காரங்க எல்லாம் குடும்பப் பிரச்சனைக்கு வழி கேட்டு வர்றாங்க. வீட்டுக்குப் போனா எங்க அம்மாவே எந்திரிச்சு நின்னு சாமின்னு கூப்பிடுறாங்க. பங்குத்தந்தை நல்லவர்தான், ஆனா அவர் சாப்பிடுற நேரம் வேற, பேசினாலும் கணக்கு, கட்டட வேலை, அவ்ளோதான். கடவுள் என்னக் கூப்பிட்டது நிஜமான்னே சந்தேகம் வருது, இத எங்க ஆயர்கிட்ட, அதாவது பிஷப்கிட்ட, சொல்லவும் பயமா இருக்கு.

பதில்:

அன்புள்ள ஃபாதர்,

உங்க லெட்டர்ல அழைத்தல் பத்தின சந்தேகம் கடைசி வரிலதான் வருது, அதுக்கு முன்னாடி இருக்குறது பூராவும் துக்கமும் தனிமையும் களைப்பும். அந்தக் குழந்தைக்காக அழ உங்களுக்கு நேரமே கிடைக்கல, உடுப்ப மாத்திட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டீங்க. அடுத்தவங்க வலிய ஓயாம வாங்கிகிட்டே இருக்குற நர்ஸுங்க, டாக்டருங்களுக்கும் இது வரும், இரக்கச் சோர்வுன்னு சொல்வோம். மனசு எதுலயும் ஒட்டாது, தூக்கம் கெடும், ஜெபம் கூட வறண்டு போகும். இத விசுவாசக் குறைவுன்னு நான் சொல்லவே மாட்டேன். இவ்வளவு களைச்சுப் போய் இருக்கும்போது அழைத்தலப் பத்தி எந்த முடிவும் எடுக்காதீங்க.

புனித ஜான் மரிய வியான்னிய உங்களுக்குத் தெரியும். 1818ல பிரான்ஸ்ல ஆர்ஸ்ங்கிற கிராமத்துக்குக் குருவா போனவர், நாள் பூரா பாவசங்கீர்த்தனம் கேட்டவர், என்னால முடியலன்னு அங்கிருந்து கிளம்பிப் போகப் பார்த்தது ஒரு தடவை இல்ல, வயசான பிறகு 1853ல கூட கிளம்பினார். அவரைத்தான் 1929ல பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலரா அறிவிச்சாங்க.

இனிமே அடக்கம் முடிஞ்சா உடனே அடுத்த வேலைக்கு ஓடாதீங்க, கொஞ்ச நேரமாவது கோயில்ல தனியா உக்காருங்க, அழுகை வந்தா அழுங்க. பாவசங்கீர்த்தன ரகசியம் எவ்வளவு பெருசுன்னு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. யாரு, என்ன, எப்போன்னு எதுவுமே வராம, கேட்டு முடிச்சு வந்தா எனக்கு மனசு இப்படிக் கனக்குதுன்னு உங்க ஆன்மீக வாழ்க்கைக்கு வழிகாட்டுற ஆன்ம குருகிட்ட சொல்லலாம், அது உங்களப் பத்தின விஷயம்தானே. குடும்பப் பிரச்சனையோட வர்றவங்களுக்கு எல்லாத்துக்கும் நீங்க வழி சொல்லணும்னு இல்ல, முழுசா கேட்டுட்டு தேவைன்னா ஒரு குடும்பநல ஆலோசகர்கிட்ட அனுப்புங்க.

பங்குத்தந்தைகிட்ட நீங்களே வாய் விட்டுக் கேளுங்க, ஃபாதர் ராத்திரி சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடலாமான்னு. திருச்சபைச் சட்டம் 550 பங்குத்தந்தையும் உதவிக் குருவும் முடிஞ்ச அளவு சேர்ந்து வாழ்றத வளர்க்கணும்னுதான் சொல்லுது, பங்குத்தந்தைக்கு இருக்குற லீவு உங்களுக்கும் உண்டுன்னும் அதுலயே இருக்கு, அதாவது வருஷத்துக்கு அதிகபட்சம் ஒரு மாசம். புதுசா வந்த குருக்கள் லீவு கேக்கவே கூச்சப்படுறாங்க, எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். கூடப் படிச்ச குருக்கள்ல ரெண்டு பேரையாவது மாசம் ஒரு தடவை நேர்ல பாருங்க, வாட்ஸப் குரூப் மட்டும் போதாது.

அம்மா மரியாதையாலயும் சந்தோஷத்தாலயும்தான் எந்திரிச்சு நிக்கிறாங்க. ஆனா உங்களுக்கு மகனா இருக்க ஒரு இடம் வேணும், வீட்டுக்குள்ள மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மான்னு கேளுங்க, முதல்ல தயங்குவாங்க, பரவால்ல.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமோ பசியோ இல்லாம, எதுலயும் பிடிப்பு இல்லாம இருந்தா மனநல டாக்டரப் பாருங்க. வாழவே வேண்டாம்னு ஒரு எண்ணம் வந்தா அன்னிக்கே போகணும், கூட ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. ஆயர்கிட்டயும் பேசுங்க, சந்தேகத்துல ஆரம்பிக்க வேண்டாம், நான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன் ஆயரேன்னு ஆரம்பிங்க.