சுவரை ஒட்டாமல் வைக்கும் குளியல் தொட்டிக்குத் தரையிலிருந்து எழும் குழாயை அமைக்க என்னென்ன முன்னேற்பாடுகள் தேவை?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: கோவையில் கட்டிவரும் வீட்டின் முதல் மாடிக் குளியலறையில், சுவரிலிருந்து விலகி நிற்கும் தொட்டியும், அதன் பக்கத்தில் தரையிலிருந்தே எழும் மிக்சர் குழாயும் வைக்க விரும்புகிறீர்கள், சங்கன் ஸ்லாப் (குழாய்கள் ஓடுவதற்காகத் தாழ்த்திப் போடும் தளம்) போட்டாகிவிட்டது, அந்தப் பள்ளத்தை இன்னும் நிரப்பவில்லை, வெந்நீருக்கு மொட்டை மாடியில் சோலார் இருக்கிறது, மேஸ்திரியோ "பைப்பை மட்டும் மேலே தூக்கி விட்டுவிடுவோம், குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். குளியலறைப் பணிகளை மேற்பார்வை செய்யும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் பதில்: மற்ற குழாய்களுக்கு மேஸ்திரி சொல்வது பொருந்தும்; இந்தக் குழாய்க்குப் பொருந்தாது. நிரப்புவதற்கு முன்பே தொட்டியையும் குழாயையும் வாங்கி, அல்லது குறைந்தபட்சம் மாடலை முடிவு செய்து அதன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சுவர்க் குழாயைச் செங்கல் சுவரும் பூச்சும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. தரையிலிருந்து எழும் குழாயோ ஏறக்குறைய 80 முதல் 100 செ.மீ. உயரமுள்ள ஒரு கம்பம். தொட்டியில் இறங்கும்போதும் எழும்போதும் யாராவது அதைப் பிடித்தே தீருவார்கள். குழந்தைகள் இருந்தால் தொங்கவும் செய்வார்கள். அந்த நெம்பு விசை முழுவதும் அடியிலுள்ள நான்கு போல்ட்டுகளின் மேல்தான் விழும். நம் ஊர்ச் சங்கன் ஸ்லாப்பில் செங்கல் ஜல்லியையோ நிலக்கரிச் சாம்பலையோ கொட்டி நிரப்பி, மேலே மெல்லிய காங்கிரீட் பரப்பி, டைல்ஸ் ஒட்டுவதுதான் வழக்கம் என்பதால், அந்த போல்ட்டுகள் பற்றிக்கொள்ள அங்கே உறுதியான பொருள் எதுவுமே இருப்பதில்லை. சில மாதங்களில் கம்பம் ஆடத் தொடங்கும். அடித்தட்டைச் சுற்றியுள்ள சிலிக்கான் பிரியும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் நிரப்பினுள் தேங்கிக் கீழ்த்தளக் கூரையில் ஈரத் திட்டாகத் தெரியும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் எட்டும்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. குழாய் வரும் இடத்தில், சங்கன் ஸ்லாப்பின் அடித்தளத்திலிருந்து தொடங்கி, சுமார் 30 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில், எம்20 தரத்தில் ஒரு சிறு காங்கிரீட் பீடத்தை எழுப்பிவிடுங்கள். அதை வாட்டர்ப்ரூஃபிங் செய்வதற்கு முன்பே போட்டு, பூச்சைப் பீடத்தின் பக்கங்களிலும் ஏற்றிப் பூசச் சொல்லுங்கள். பின்னால் குழாயின் போல்ட்டுக்காகத் துளையிடும்போது துளை பீடத்தின் உச்சிக்குள்ளேயே நின்றுவிடும். அடியிலுள்ள நீர்க்காப்பு அடுக்கு கிழியாது. வெந்நீர், குளிர்நீர் வரிகளை இணைப்பதற்காகத் தரைக்குள் புதைக்கும் பெட்டியுடன் வரும் மாடலானால் அந்தப் பெட்டியும் இந்தப் பீடத்தின் மேல்தான் உட்கார வேண்டும்.

அந்தப் பெட்டியின் பக்கத்தில், முடிந்த தரை மட்டம் எந்த இரு கோடுகளுக்கு இடையில் வர வேண்டும் என்று குறித்திருப்பார்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். குளியலறைத் தரை வாட்டத்துடன் அமைவதால், வாசற்படி அருகே உள்ள டைல்ஸ் மட்டமும் குழாய் வரும் இடத்தின் மட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. மேஸ்திரி சுவரில் டியூப் மட்டம் பார்த்துப் போட்டிருக்கும் ஒரு மீட்டர் கோட்டிலிருந்து, டைல்ஸின் கனம், ஒட்டும் பசையின் கனம், அந்த இடத்துக்குரிய வாட்டம் ஆகிய மூன்றையும் கணக்கிட்டுப் பெட்டியின் உயரத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள். என் ஆலோசனை, தொட்டியும் குழாயும் நிற்கும் பகுதியை மட்டும் வாட்டமில்லாமல் சமதளமாக வைத்துவிட்டு, அதற்கு அப்பால் வாட்டத்தைத் தொடங்குவது. பெட்டியின் மேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும்: 10 செ.மீ. அகலத்தில் 1 மி.மீ. சாய்ந்திருந்தால், 90 செ.மீ. உயரத்தில் அது 9 மி.மீ. சாய்வாகிவிடும். பளபளக்கும் குரோம் கம்பத்தில் அந்தச் சாய்வு முதல் பார்வையிலேயே கண்ணில் படும். அதன் பிறகு திருத்த வேண்டுமானால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை.

இடத்தைக் குறிப்பதற்குத் தொட்டியின் மேல் விளிம்பையே அளவாகக் கொள்ள வேண்டும், அடிப்பாகத்தை அல்ல. இவ்வகைத் தொட்டிகள் பெரும்பாலும் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருப்பதால், அடியை வைத்துக் குறித்தால் கம்பம் விளிம்பில் இடிக்கும். தண்ணீர் விழும் ஸ்பவுட்டின் நீளம் மாடலுக்கு மாடல் மாறினாலும் பொதுவாக 20 முதல் 27 செ.மீ. வரை இருக்கும். அதில் விளிம்பின் கனமும், கம்பத்துக்கும் விளிம்புக்கும் இடையில் துணி நுழைத்துத் துடைப்பதற்கான ஐந்தாறு செ.மீ. இடைவெளியும் போனால், உள்ளே எவ்வளவு தூரம் தண்ணீர் விழும் என்பது தெரியும். கணக்கு புரியாவிட்டால், தொட்டியின் மேல் விளிம்பை அட்டையில் வெட்டி, தொட்டியின் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். கழிவுநீர் டிராப்பின் (துர்நாற்றம் மேலே வராமல் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாய்) இடத்தையும் அப்போதே சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

இனி குழாய் இணைப்பு. வெந்நீர், குளிர்நீர் இரண்டுக்கும் பீடம் வரை முக்கால் இஞ்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயைக் கொண்டுவந்து, பெட்டியில் நுழையும் இடத்தில் மட்டும் அரை இஞ்சாகக் குறையுங்கள்; ஸ்லாப்பின் மேல் படுத்து ஓடும் நீளத்தில் இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பித்தளை மரையுள்ள இணைப்பைச் சிபிவிசியில் திருகும்போது பிளம்பர்கள் முழு பலத்தையும் காட்டிவிடுவது வழக்கம். டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரில் ஓரிரு சுற்று போதும். வெந்நீர் இடமா வலமா என்ற விவாதமும் எழும். சுவர்க் குழாய்க்கு ஒரே முகம்தான் என்பதால் இடது பக்கம் வெந்நீர் என்று சொல்லிவிடலாம். தரைக் குழாயை இரு பக்கமிருந்தும் பார்க்க முடியும் என்பதால், நிற்கும் ஆளைப் பொறுத்து இடம் வலமாகிவிடும். பெட்டியின் மேலுள்ள சிவப்பு, நீலக் குறிகளையும் ஸ்பவுட் திரும்பும் திசையையும் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

இரண்டு வரிகளுக்கும் தனித்தனி மூடு வால்வு கட்டாயம் தேவை. பேசினுக்கு அடியில் ஆங்கிள் வால்வு இருப்பதுபோல் இங்கே வெளியில் தெரியும் வால்வு எதுவும் இல்லாததால், அருகிலுள்ள சுவரில் கை எட்டும் உயரத்தில் சுவருக்குள் பதிக்கும் இரண்டு கன்சீல்ட் வால்வுகளை வைத்துவிடுங்கள். மிக்சருக்குள் இருந்து நீரைக் கலந்து கட்டுப்படுத்தும் கார்ட்ரிட்ஜ் என்றாவது ஒரு நாள் மாற்ற வேண்டிய பொருள்தான். அதுவும் போர் தண்ணீரின் உப்புப் படியும் வீடுகளில் அந்த நாள் சற்று முன்னதாகவே வரும். வால்வு இல்லாவிட்டால் அன்று வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் முக்கியமானது தண்ணீரின் அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். உங்கள் வீட்டில் குளியலறைக்கு நேர் மேலேயே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்குமானால், அதன் அடிக்கும் ஸ்பவுட்டுக்கும் இடையில் நான்கு மீட்டர் கூடத் தேறாது. அதாவது சுமார் 0.4 பார். கடையில் காட்டும் மிக்சர் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் என்று அட்டையில் போட்டிருந்தால், நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்க மூலத்தைப் பொறுத்தே மாறும் என்பதால், உங்கள் வீட்டில் அது தருவது 7 லிட்டரைச் சற்றே தாண்டும். குளியல் தொட்டியில் 200 லிட்டர் நிரம்ப ஏறக்குறைய அரை மணி நேரம். அதற்குள் முதலில் விழுந்த வெந்நீர் ஆறத் தொடங்கிவிடும். ஆகவே பிரஷர் பம்ப் இல்லாமல் இந்தக் குழாயை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் சோலார் உள்ள வீட்டில் பம்ப் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீடுகளில் பரவலாக உள்ள சோலார் வெந்நீர்த் தொட்டி அழுத்தம் தாங்காத வகை. காற்றுக்குழாய் திறந்தபடி இருக்கும். குளிர்நீரை மட்டும் பம்பின் வழியே 2 பாரில் அனுப்பி, வெந்நீரை 0.4 பாரிலேயே விட்டுவிட்டால், மிக்சரில் குளிர்நீர் வெந்நீரை அடக்கிவிடும். ஹேண்ட் ஷவரை மூடியோ பாதி திறந்தோ வைத்திருக்கும் நேரத்தில் குளிர்நீர் வெந்நீர் வரிக்குள் பின்னோக்கிச் சென்று, மொட்டை மாடியில் காற்றுக்குழாய் வழியே ஒழுகுவதையும் காணலாம். வெந்நீர் வெளிவரும் வரியில், அந்த வெப்பத்தைத் தாங்கும் தனிப் பம்ப் வைத்து இரண்டு வரிகளையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவருவது ஒரு வழி. அழுத்தம் தாங்கும் வகை சோலார் தொட்டியை வாங்கி, ஒரே பம்பால் இரண்டுக்கும் தண்ணீர் தருவது இன்னொரு வழி. செலவு கூடினாலும் இரண்டாவதே நீண்ட காலத்துக்கு நிம்மதி. எதைச் செய்தாலும் இரு வரிகளிலும் என்ஆர்வி (நீர் பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கும்) வால்வு இருக்கட்டும்.

வெந்நீரின் அளவையும் இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் 25 டிகிரி, கெய்சரிலோ சோலாரிலோ வருவது 60 டிகிரி, குளிக்க வேண்டியது 39 டிகிரி என்று வைத்தால், 200 லிட்டரில் 80 லிட்டர் வெந்நீராக இருக்க வேண்டும். ஊட்டிபோல் தண்ணீர் 15 டிகிரியில் வரும் ஊரானால் அதுவே 107 லிட்டராகும். வழக்கமான 25 லிட்டர் கெய்சரால் 60 லிட்டரளவுக்கு மேல் மிதமான தண்ணீர் தர முடியாது; 3 கிலோவாட் உடனடிக் கெய்சரோ நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் தரும். வெந்நீர் எடுக்க எடுக்கக் குளிர்நீர் உள்ளே வந்து கலப்பதால், 100 லிட்டர் தொட்டியிலிருந்து முழு 100 லிட்டரும் சூடாகக் கிடைக்காது என்பதையும் மனத்தில் கொண்டு, 150 லிட்டருக்குக் குறையாத சேமிப்பை வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வகைக் குழாயுடன் வரும் ஹேண்ட் ஷவர் தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கக்கூடியது. மேல்நிலைத் தொட்டி காலியாகிக் குழாய்க்குள் வெற்றிடம் ஏற்பட்டால், சோப்பும் அழுக்கும் கலந்த குளித்த நீர் அதன் வழியே உள்ளே உறிஞ்சப்பட வாய்ப்புண்டு. நல்ல மாடல்களில் ஷவர் வெளிவாயிலேயே பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கும். வாங்கும்போது கேட்டு உறுதி செய்யுங்கள். அதே காரணத்தால் ஸ்பவுட்டின் வாயும் தொட்டி விளிம்பைவிட மேலே, வாயின் விட்டத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு உயரத்தில் இருக்க வேண்டும்.

நிரப்புவதற்கு முன், சிபிவிசி பசை நன்றாக உலர்ந்த பிறகு, பெட்டியின் வாய்களை அடைத்துவிட்டுக் கைப்பம்பால் 10 பார் வரை ஏற்றி, சில மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். கம்பத்தையும் மேல்பாகத்தையும் டைல்ஸ், கிரவுட் வேலையெல்லாம் முடிந்த பிறகே மாட்ட வேண்டும். அதற்கு முன் இரண்டு வரிகளையும் திறந்து ஒரு வாளியில் தண்ணீரைப் பிடித்தால், அடியில் மணலும் சிமெண்ட் துகளும் படிவதைப் பார்க்கலாம். வாளியில் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடாமல் மிக்சரை மாட்டினால் அந்தத் துகள்கள் நேராகக் கார்ட்ரிட்ஜின் செராமிக் தகடுகளைக் கீறிவிடும். டைல்ஸ்காரர் வெட்டும் துளை அடித்தட்டின் விட்டத்துக்குள் மறைய வேண்டும் என்பதால், துளை வெட்டும்போது அடித்தட்டு அவர் கையில் இருக்கட்டும்.

"இதற்குப் பதிலாகச் சுவரிலிருந்தே நீளமான ஸ்பவுட் வைத்துக்கொள்ளலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். தொட்டியின் ஒரு பக்கம் சுவரிலிருந்து 10 செ.மீ. தூரத்துக்குள் வருமானால், தயங்காமல் அதையே செய்யுங்கள். பீடமும் வேண்டாம், மட்டக் கணக்கும் வேண்டாம், பழுது பார்ப்பதும் எளிது. தொட்டியை அறையின் நடுவில் வைத்தே தீர வேண்டும் என்றால் மட்டும் தரைக் குழாய்க்குப் போங்கள். நிரப்பு வேலை அடுத்த வாரம் என்கிறீர்கள். மாடல் முடிவாகாவிட்டால் அந்த ஒரு மூலையை மட்டும் நிரப்பாமல் விடச் சொல்லுங்கள், மற்ற இடங்களில் வேலை தடையின்றி நடக்கட்டும்.