பம்பர் கேள்வி-பதில்: எல்லாப் பழியும் உப்புக் காற்றுக்கா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துறைமுகத் தடத்தில் ஓடும் டிரெய்லர்களைப் பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று சொல்லித்தான் பம்பர் கொடுத்தார்கள். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நாலே மாதத்தில் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்களா?
- தண்டையார்பேட்டை

ஏமாற்றியிருக்கலாம். ஆனால் அதைக் காந்தம் சொல்லாது. 304-க்குப் பதிலாகத் தள்ளிவிடும் ரகம் 202. 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. வளைத்த மூலைகளில் மட்டும் இரண்டிலும் லேசாக இழுக்கும். 430 மாதிரியான மலிவுத் தகட்டைக் கண்டுபிடிக்கத்தான் காந்தம் பயன்படும். 304-ல் நிக்கல் 8 சதவீதம். 202-ல் ஏறக்குறைய அதில் பாதிதான், குறைத்த நிக்கலுக்கு மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். எஸ்.எஸ். வேலை செய்யும் பட்டறைகளில் சோதனைத் துளி மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் இருக்கும். பம்பரின் உள்பக்கத்தில் ஓர் இடத்தைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, பேட்டரி இணைப்பைக் கொடுத்தால் 202 போன்ற 200 வரிசைத் தகட்டில் சில நொடிகளில் சிவப்பு ஏறும். 304-ல் ஏறாது. இதைக் கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள். கிரேடைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அசல் 304 ஆனாலும் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி ஓடினால் மேல்கறை வரத்தான் செய்யும். கோடு போட்ட மேட் ஃபினிஷில் உப்பு தங்கும், கண்ணாடிப் பாலிஷில் அவ்வளவு தங்காது. புள்ளிகள் வெல்டிங் ஓரத்தில் மட்டும் இருந்தால் கதை வேறு: இரும்பு அறுத்த அதே கிரைண்டிங் வீலை எஸ்.எஸ். மேலும் ஓட்டியிருக்கிறார்கள். ஒட்டிக்கொண்ட இரும்புத் தூள்தான் துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, துணியில் நனைத்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் புதிய புள்ளிகளை நீங்களே விதைக்கிறீர்கள்.

குரோம் பம்பரை வாட்டர் சர்வீஸில் ஆசிட் போட்டுக் கழுவுகிறார்கள். பளிச்சென்று ஆகிறது. பரவாயில்லையா?
- மூலக்கடை

கூடாது. மேலே இருக்கும் குரோம் அரை மைக்ரான் இருந்தால் பெரிது. ஆசிட் முதலில் தின்பது அதைத்தான். ஷாம்பூ, தண்ணீர், மெழுகு போதும்.

3 மி.மீ. தகட்டில் பம்பர் செய்து கருப்பு பவுடர் கோட்டிங் கொடுத்தோம். ஆறு மாதத்தில் தாள் தாளாக உரிகிறது. பட்டறையில் கேட்டால், "உங்க தடம் அப்படி சார், உப்புக் காத்து, நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். மறுபடி கோட்டிங் போட்டால் நிற்குமா?
- மணலி

இந்த உப்புக் காற்று பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் உப்பு உண்டு, யார் இல்லை என்றது? ஆனால் உப்பால் கெடும் கோட்டிங் முதலில் ஓரத்திலும் கல்பட்ட இடத்திலும் புள்ளி விட்டு, அங்கிருந்து துரு ஊர்ந்து பரவும். நடுப்பரப்பில் தாள் தாளாக உரிந்தால் அது கோட்டிங்குக்கு முந்தின வேலையில் நடந்த திருட்டு.

உரிந்த துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பின்புறம் கருநீலமாகச் செதில் ஒட்டியிருந்தால், உருட்டாலையிலிருந்து வந்த கருப்புத் தோலை எடுக்காமலே பவுடர் அடித்திருக்கிறார்கள். பவுடர் அந்தத் தோலை விடவில்லை, தோல்தான் தகட்டை விட்டுவிட்டது. பின்புறம் சுத்தமாக, அடியில் தகடும் பளபளவென்று இருந்தால் எண்ணெய் போகக் கழுவவில்லை, பவுடர் பிடிக்கக் கொடுக்கும் பாஸ்பேட் பூச்சும் கொடுக்கவில்லை. பழுப்பாக இருந்தால் துருவின் மேலேயே அடித்தது. லேசர் அல்லது கேஸில் அறுத்த ஓரம் மட்டும் நூலாகக் கழன்றால், அறுத்த இடத்து ஆக்சைடைக் கிரைண்ட் செய்யவில்லை. இந்த நாலில் எது காற்றின் வேலை?

மறுபடி செய்தால் நிற்கும். ஆனால் பழைய கோட்டிங்கின் மேல் அடிக்க விடாதீர்கள். முழுக்க உரித்து, கிரிட் பிளாஸ்டிங் (கூரிய இரும்புத் துகளை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டுவது) செய்யச் சொல்லுங்கள். கூரிய ஓரங்களை 2 மி.மீ. அளவுக்கு உருட்டச் சொல்லுங்கள். சூளையில் பவுடர் உருகும்போது கூர் முனையை விட்டு விலகிவிடும், அங்கே பூச்சு பாதிகூட நிற்காது. பிளாஸ்டிங் முடிந்த தகட்டை நம் ஊர் ஈரத்தில் இரவு வைத்தால் காலையில் மஞ்சள் படரும். நாலு மணி நேரத்துக்குள் முதல் பூச்சு ஏற வேண்டும். முதலில் ஜிங்க் எபாக்ஸி பிரைமர் பவுடர், மேலே பாலியஸ்டர் பவுடர், ஒவ்வொன்றும் 60 முதல் 80 மைக்ரான். வெறும் எபாக்ஸியை மேல்பூச்சாக அடித்தால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும்.

சூளையிலும் ஏமாறலாம். 200 டிகிரியில் 10 நிமிடம் என்பது தகடு அந்தச் சூட்டைத் தொட்ட பிறகு எண்ண வேண்டிய கணக்கு. 3 மி.மீ. தகடு சீக்கிரம் சூடாகும். அதோடு பற்றவைத்த 10 மி.மீ. பிராக்கெட் சூடாக நேரமாகும். அதனால்தான் பிராக்கெட்டைச் சுற்றி மட்டும் பூச்சு வேகாமல் நிற்கிறது. தின்னரில் நனைத்த துணியால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் தாராளமாகத் துணிக்கு வந்தால் வேகவில்லை.

வண்டியில் மாட்டுவதற்கு முன் பின்பக்கம் ஒரு மூலையில் பிளேடால் 3 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாகப் பூச்சு வந்தால் பணம் கொடுக்காதீர்கள். "கீறினால் கெட்டுவிடும்" என்று தடுக்கிற பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

லாரி பம்பரில் பெயிண்ட் நிற்கவில்லை. நல்ல தீர்வு சொல்லவும். அவசரம்.
- ஊர் எழுதவில்லை

இரும்பா, ஃபைபரா, பிளாஸ்டிக்கா? எந்த பெயிண்ட்? உரிகிறதா, வெடிக்கிறதா, கொப்பளிக்கிறதா? இதில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். அவசரம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக்காக இருந்து, பின்பக்கம் "பிபி" (பாலிபுரோப்பிலீன்) என்று அச்சிட்டிருந்தால், பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் எந்த பெயிண்டும் ஒட்டாது. மற்றபடி விவரத்தோடு எழுதுங்கள்.

புது ஃபைபர் பம்பர். பெயிண்ட் அடிக்கும்போதே மீன்கண் மாதிரி குழிகள். மாட்டிய ஒரு மாதத்தில் போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திர விரிசல் வேறு.
- புழல்

இரண்டும் வேறு வேறு கோளாறு. குழிகளுக்குக் காரணம் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகு. பெயிண்டர் எடுத்தவுடனே உப்புத்தாள் போட்டிருப்பார். மெழுகு கீறலுக்குள் இறங்கிவிட்டது. முதலில் வேக்ஸ் ரிமூவர் போட்டு ஒரு துணியால் துடைத்து, காயும் முன் இன்னொரு சுத்தத் துணியால் எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் தாள். ஊசித் துளைகளுக்கும் ஒரு வழி: பட்டி வைக்கும் முன் பம்பரை மூன்று மணி நேரம் வெயிலில் போடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, வெடிக்க வேண்டியதெல்லாம் அப்போதே வெடிக்கும்.

விரிசல், மெல்லிய இடத்தில் போல்ட்டை இறுக்கியதால் வந்தது. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நிற்கும். பம்பர் பரப்புக்கு மூன்று அடுக்கு போதும், போல்ட் இடத்தில் ஐந்தாறு வேண்டும். துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ரப்பர் வாஷரும் 40 மி.மீ. அகல இரும்பு வாஷரும் போடுங்கள். துளையிடுவது முகப்பக்கத்திலிருந்து, பின்னால் மரக்கட்டை தாங்கலோடு. வந்துவிட்ட விரிசலைப் பட்டியால் மூடாதீர்கள். கிரைண்ட் செய்து, பின்பக்கம் இரண்டு அடுக்கு மேட் ஏற்றினால்தான் நிற்கும்.

வாங்கிய பம்பர் ஒரு பக்கம் ஹெட்லைட்டை ஒட்டியிருக்கிறது, மறுபக்கம் விரல் போகும் இடைவெளி. துளையை அறுத்துப் பெரிதாக்கலாமா?
- செங்குன்றம்

பம்பரைத் தொடுவதற்கு முன் சேசிஸ் முனைப் பிராக்கெட்டுகளை அளந்து பாருங்கள். பழைய இடியில் ஒன்று உள்ளே போயிருந்தால் எந்தப் பம்பரும் கோணலாகத்தான் உட்காரும். பிராக்கெட் நேராக இருந்து பம்பர் ஃபைபர் என்றால், அது பழைய பம்பரிலிருந்து எடுத்த அச்சில் வார்த்தது. காயும்போது ரெசின் சுருங்கும். இரண்டரை மீட்டர் நீளத்தில் 5 முதல் 10 மி.மீ. குறைவது சகஜம். அந்த அளவுக்குத் துளையை நீளவாக்கில் திருத்தலாம். அதற்கு மேல் என்றால் திருப்பிக் கொடுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் மாட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பம்பர் பிராக்கெட்டை வண்டியிலேயே வைத்துப் பற்றவைக்கலாமா? பிஎஸ்-6 வண்டி.
- மீஞ்சூர்

கழற்றித் தரையில் வைத்துப் பற்றவையுங்கள். கழற்றவே முடியாது என்றால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், இ.சி.யு. (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) கனெக்டர்களைப் பிடுங்குங்கள், எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எர்த்தை எங்கோ பின் ஆக்சிலில் மாட்டினால் கரன்ட் சென்சார் ஒயர் வழியாகவும் போகும். சேசிஸ் மேல் நேரடி வெல்டிங் வேண்டாம். மேல், கீழ் விளிம்பில் துளையும் வேண்டாம். கம்பெனி விட்ட துளைகளையே பயன்படுத்துங்கள். இறுக்கும் அளவு, 8.8 கிரேடு எம்12 போல்ட்டுக்கு ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர், எம்16-க்கு 200. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டை ஒரு தடவைக்கு மேல் போடாதீர்கள்.

டிரெய்லரின் பின் பம்பரை உருகிய ஜிங்க் குளியலுக்குக் கொடுத்து, மேலே எனாமல் அடித்தோம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.
- மணலி புதுநகர்

ஜிங்க் மேல் எனாமலை நேரடியாக அடித்தால் அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி முழுதும் கழன்றுவிடும். மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். அடுத்த முறை குழாய்ப் பம்பரைக் குளியலுக்குக் கொடுத்தால் இரு முனையிலும் 12 மி.மீ. துளை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். அடைத்த குழாய் 450 டிகிரி ஜிங்கில் மூழ்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஆள் உயிர் போகும் விஷயம்.

பின் பம்பர் அழகுச் சாமான் இல்லை, கார் உள்ளே நுழையாமல் தடுக்கும் தடுப்பு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 14812-ன்படி காலி வண்டியில் தரையிலிருந்து அடிவிளிம்பு 550 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, குறுக்குச் சட்டத்தின் உயரம் 100 மி.மீ.க்குக் குறையக்கூடாது. டயர் மாற்ற வசதி என்று தூக்கி மாட்டுபவர்கள் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் திரும்பி வருவார்கள். பின்னால் ஒட்டும் ஒளிப்பட்டை சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள்.

முன்னால் குழாய் வைத்துக் கிராஷ் கார்டு போடலாமா?
- திருவொற்றியூர்

வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குத் தடுக்கச் சொல்லி எழுதிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பம்பரின் பெட்டிச் சட்டத்திலிருந்து துருத் தண்ணீர் ஒழுகுகிறது. வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. வாரா வாரம் கழுவுகிறேன்.
- கொருக்குப்பேட்டை

வெளியே நன்றாக இருப்பதால்தான் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. சட்டத்தின் அடிப்பக்கத் தாழ்ந்த முனைகளில் 10 மி.மீ. துளை போட்டு, ஓரத்துக்கு பிரைமர் வையுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, நீளக் குழல் வைத்த ஸ்பிரேயால் மெழுகுப் பூச்சை உள்ளே அடியுங்கள். கீழ்த்துளை வழியாகச் சொட்டும் வரை அடிக்க வேண்டும். துளையை எம்சீல் வைத்து அடைக்கும் புத்திசாலிகள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

கழுவுவது சரி, எந்தத் தண்ணீரில்? கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் பல போர்வெல்களில் உப்புநீர் ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பைத் தடவி வைத்த மாதிரிதான். நுரையை எதில் வேண்டுமானாலும் கழுவுங்கள். கடைசியாக இரண்டு குடம் மெட்ரோ தண்ணீரைப் பம்பரின் பின்பக்கத்திலும் சட்டத்துக்கு உள்ளேயும் ஊற்றுங்கள்.