மவுசால் நட்ட பில்லர்: வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வீட்டு டிசைன் சாஃப்ட்வேரில் நாமே பிளான் போட்டு, அந்தக் கையோடு பில்லர், பீம் வரைக்கும் போய்விடலாமா என்பதுதான் அது. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

சார், 30க்கு 40 மனையில் தரைத்தளம், மேலே ஒரு மாடி கட்டப்போகிறோம். வீடியோ பார்த்து ஸ்கெட்ச்அப் கற்றுக்கொண்டு முழு வீட்டையும் வரைந்துவிட்டேன். பில்லர், பீம் எல்லாமே 9 அங்குலத்தில் வைத்திருக்கிறேன். இதையே பிரிண்ட் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தால் போதாதா? எஞ்சினீயருக்குக் கொடுக்கும் பணம் தண்டம் என்கிறார் அப்பா. — வாசகர், கோவை

வரைந்தது வீணில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் போதாது. ஸ்கெட்ச்அப்பைப் பொறுத்தவரை நீங்கள் நட்ட பில்லர் ஒரு நீளமான பெட்டி, அவ்வளவுதான். அதன் மேல் எவ்வளவு எடை வருகிறது, உள்ளே எத்தனை கம்பி, அடியில் மண் களியா சரளையா, எதுவும் அதற்குத் தெரியாது. நடுப் பில்லரை அழித்துப் பாருங்கள். மாடி அந்தரத்தில் ஜம்மென்று நிற்கும், ஒரு எச்சரிக்கைகூட வராது.

மாடியில் படுக்கையறை சின்னதாக இருக்கிறதே என்று ஒரு சுவரை நாலடி தள்ளி வைக்கிறீர்கள். திரையில் அது ஒரு இழுப்பு. நிஜத்தில் 9 அங்குலச் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் நீளம் என்றால், கன மீட்டருக்கு 2 டன் என்று வைத்துப் பெருக்கினால் ஐந்தரை டன் வரும். பழைய இடத்தில் அதற்கு அடியில் பீம் இருந்தது, புது இடத்தில் 5 அங்குலத் தளம் மட்டும்தான். அந்தத் தளம் தன் சொந்த எடையாகவே சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் சுமக்கிறது, அதோடு வீட்டு அறைக்கு ஆள், கட்டில், பீரோ என்று சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ எடுக்கச் சொல்கிறது எடைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875. இதற்கு மேல் ஐந்தரை டன்னை ஒரே கோட்டில் இறக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், பார்த்துச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த 9 அங்குலப் பில்லர். நம் ஊரில் அந்த அளவு எங்கிருந்து வந்தது தெரியுமா? கணக்கிலிருந்து வரவில்லை, பில்லர் சுவருக்குள் மறைய வேண்டும் என்ற ஆசையிலிருந்து வந்தது. 2002-ல் திருத்திய நிலநடுக்க வரைபடம் கோவையையும் சென்னையையும் 3ஆம் மண்டலத்தில் வைத்தது. அந்த மண்டலத்துக்குப் பொருந்தும் நிலநடுக்கத் தரவிதி ஐ.எஸ். 13920, அதன் 2016 பதிப்பில், பில்லரின் குறுகிய பக்கம் குறைந்தது 300 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 12 அங்குலம். அதில் சேரும் பீமின் பெரிய கம்பி 16 மி.மீ. என்றால் அதன் 20 மடங்கு, 320 மி.மீ. ஆகிவிடும். உங்கள் 9 அங்குலம் வெறும் 230.

12 அங்குலப் பில்லர் வைத்தால் 9 அங்குலச் சுவரிலிருந்து 3 அங்குலம் எட்டிப் பார்க்கும், அசிங்கமாக இருக்கும் என்பார்கள். உங்கள் சாஃப்ட்வேருக்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. மண் பரிசோதனை முடிந்து எஞ்சினீயர் பில்லர் நிலைகளையும் அளவுகளையும் கொடுத்ததும், அவற்றை அப்படியே உங்கள் மாடலில் கொண்டுவந்து வையுங்கள். எந்தப் பில்லர் அலமாரிக்குள் மறைகிறது, எது வெளிப்பக்கமாக எட்டிப் பார்த்தால் பரவாயில்லை, எது கார் கதவைத் திறக்கவிடாமல் இடிக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பப் போங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிப் போய்வந்தால் பிளான் படியும். கார் நிறுத்தக் கீழ்த்தளத்தை முழுதும் திறந்துவிடுகிற யோசனை இருந்தால் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையப்பகுதியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஆமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் நிறைய, கீழே வாகனம் நிறுத்தச் சுவரில்லாமல் பில்லர் மட்டும் விட்டவை.

அப்பாவிடம் கம்பி, சிமென்ட் செலவுக்குப் பக்கத்தில் டிசைன் கட்டணத்தை எழுதிக் காட்டுங்கள். தண்டம் என்று சொல்லமாட்டார்.

இலவசமாகக் கிடைப்பதில் எது நல்லது மேடம்/சார்? எனக்குக் கட்டடத் துறை தெரியாது, வீட்டுக்காரி மட்டும்தான். — வாசகி, மதுரை

சார்தான். அறைகளை அடுக்கிப் பார்க்க ஸ்வீட் ஹோம் 3டி போதும், முழுக்க இலவசம், மனை வரைபடத்தைப் போட்டோ எடுத்துப் பின்னணியில் வைத்து அதன் மேலேயே சுவர் வரையலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் ஃப்ரீகேட். அதில் கம்பிகளைக்கூட வரைய ஒரு துணைக்கருவி உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் கம்பியை அது வரையும், எத்தனை கம்பி வேண்டும் என்று அது சொல்லாது. இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள்.

எதை எடுத்தாலும் முதலில் சுவர் தடிமனை மாற்றுங்கள். வெளிநாட்டுச் சாஃப்ட்வேர் தானாகக் காட்டும் சுவர் நம் 9 அங்குலச் சுவர் இல்லை. மெல்லிய சுவரோடு வரைந்து 10க்கு 12 அறை கிடைத்ததாகச் சந்தோஷப்பட்டு, கட்டும்போது ஒவ்வொரு அறையிலும் அரையடி காணாமல் போகும்.

இன்னொன்று, அடியைத் தசமத்தில் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். திரையில் 10.5 என்றால் பத்தரை அடி, 10 அடி 6 அங்குலம். தளத்தில் இருப்பவர் அதை 10 அடி 5 அங்குலம் என்று படிப்பார், படிக்கிறார்கள். கதவு நிலை செய்து வந்த பிறகுதான் தெரியும். பிரிண்ட் எடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேல் போய்விடும், அதையும் பாருங்கள்.

ஐயா, நாங்கள் டொரொண்டோ பக்கம் இரண்டு மாடி வீட்டில் இருக்கிறோம். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட விருப்பம். ஹோம் டிசைனர் ப்ரோவில் வீட்டை வரைந்தேன், மரச்சட்டம் முழுவதையும் அதுவே போட்டுத் தந்தது. சுவரை எடுத்த இடத்தில் ஒரு பீமும் வைத்துவிட்டேன். பெர்மிட்டுக்கு இதையே கொடுக்கலாமோ? — வாசகர், ஸ்கார்பரோ

அந்தச் சாஃப்ட்வேர் மரச்சட்டம் போடுவது உண்மைதான், அழகாகவும் போடும். ஆனால் அது விதியைப் பின்பற்றுகிறது, எடையைக் கணக்கிடுவதில்லை. சுவரில் 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட், அதாவது செங்குத்துக் கட்டை, வைக்கும், ஏனென்றால் சுவரை மூடும் 4 அடி அகல டிரைவால் (ஜிப்சம்) பலகையின் ஓரம் சரியாக மூன்றாவது இடைவெளியில் ஒரு ஸ்டட்டின் மேல் வந்து உட்காரும். ஜன்னலுக்கு மேல் ஹெடர் என்கிற குறுக்குக்கட்டை வைக்கும், நீங்கள் அமைப்பில் எழுதி வைத்த அளவில். அந்த அளவு அங்கே தாங்குமா என்று அது கேட்பதே இல்லை. நீங்கள் வைத்த பீமும் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், அது போட்டது உங்கள் வீட்டுச் சட்டம் இல்லை. வெளிச்சுவர்களைப் பார்த்து, தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகள் எந்தப் பக்கம் ஓடும் என்று அது ஊகித்துக்கொள்கிறது. உங்கள் வீட்டைக் கட்டியவர் வேறு பக்கமாக ஓட்டியிருக்கலாம். மேல்மாடித் தரையின் ஜாயிஸ்டுகள் அந்தச் சுவருக்குக் குறுக்கே ஓடி, அதன் மேலேயே ஒன்றோடொன்று ஒட்டி முடிந்தால் அது எடை தாங்கும் சுவர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். பேஸ்மென்ட்டில் போய்ப் பாருங்கள். சுவருக்கு நேர் கீழே இரும்பு பீமோ போஸ்ட்டோ இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கூரைப் பலகையில் ஒரு துளை போட்டுப் பார்க்க வேண்டியதுதான், எந்தச் சாஃப்ட்வேராலும் அதைப் பார்க்க முடியாது.

சுவரை எடுத்ததும் அதன் முழு நீளத்தில் பரவியிருந்த எடை பீமின் இரண்டு முனைகளில் குவிகிறது. அந்த முனைகளுக்கு அடியில் பீமைத் தாங்கும் ஜாக் ஸ்டட், அதன் அடியில் தரைக்குள் அடைப்புக்கட்டை, அதன் அடியில் பேஸ்மென்ட் போஸ்ட், அதற்கு ஃபூட்டிங் எனும் அடித்தளம் என்று எடை மண் வரை இறங்க வழி வேண்டும். பெர்மிட் வரைபடத்தில் கேட்பது இந்த வழியைத்தான். எடை தாங்கும் சுவரை எடுக்க ஒன்ராறியோவில் பெர்மிட் கட்டாயம். ஒரு எஞ்சினீயரைக் கூப்பிட்டு, சாஃப்ட்வேரில் உள்ள அளவுகளைக் கொடுத்து, பீமை அவரே முடிவு செய்யட்டும். அளவு எடுக்கும் வேலையாவது அவருக்கு மிச்சம்.

சின்னக் குறிப்பு: 2க்கு 4 என்று விற்கும் கட்டை நிஜத்தில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். இருபுறமும் அரை அங்குல டிரைவால் சேர்த்து உட்சுவர் நாலரை அங்குலம் என்று வரையுங்கள், இல்லாவிட்டால் கபோர்டு வாங்கி வந்த பிறகு இடிக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கேட்டேன். 9க்கு 12 பில்லருக்கு 12 மி.மீ. கம்பி 4 போதும் என்றது. சரியா? — வாசகர், சேலம்

இதற்குக் கால்குலேட்டர் போதும். கான்கிரீட்டுக்கான தரவிதி ஐ.எஸ். 456, பில்லரின் குறுக்குப் பரப்பில் குறைந்தது 0.8 சதவீதம் கம்பி கேட்கிறது. 230 பெருக்கல் 300, 69,000 சதுர மி.மீ. அதில் 0.8 சதவீதம் 552. 12 மி.மீ. கம்பி ஒன்றின் பரப்பு 113, நான்கு போட்டால் 452. குறைகிறது. ஆறு போட்டால் 678, குறைந்தபட்சத்தைத் தாண்டும், ஆனால் உங்கள் வீட்டுக்குப் போதுமா என்பது தனிக்கேள்வி. அந்த 2002 வரைபடத்தில் சேலமும் 3ஆம் மண்டலம், ஆகவே அந்த 9 அங்குலமே முதலில் இடிக்கிறது, மேலே கோவை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எஞ்சினீயர் கொடுத்த வரைபடங்களில் எட்டு பத்து தாள் இருக்கிறது. எதைப் பார்த்துச் சரி என்று சொல்வது? 3டி படம் கேட்டால் அது தனிக்காசு என்கிறார். — வாசகி, தாம்பரம்

3டி படத்தை விடுங்கள். பில்லர்களின் நடுக்கோடுகளைக் காட்டும் சென்டர் லைன் தாள் இருக்கிறதா பாருங்கள், மேஸ்திரி நூல் கட்டுவது அதை வைத்துத்தான். ஃபூட்டிங் விவரம், பில்லர் அட்டவணை, தரைமட்டத்தில் வரும் பிளிந்த் பீம், கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல், ரூஃப் பீம், தளக் கம்பி, படிக்கட்டு வெட்டுமுகம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை மி.மீ., எவ்வளவு இடைவெளி, பில்லர் தலையிலும் அடியிலும் நெருக்கமாகப் போட்டிருக்கிறதா, கம்பியை எங்கே ஒட்ட வேண்டும், எவ்வளவு நீளம், கான்கிரீட் என்ன தரம், இதெல்லாம் எழுத்தில் வேண்டும். கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கனத்துக்கான கவர் பிளாக் அளவும் எழுதியிருக்கும்: சாதாரணமாக ஃபூட்டிங்குக்கு 50 மி.மீ., பில்லருக்கு 40, தளத்துக்கு 20. கடற்கரைக்குப் பக்கம் என்றால் கூடும்.

பால்கனி, சன்ஷேடு இரண்டின் வெட்டுமுகத்தையும் மட்டும் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் போக வேண்டும், உள்ளே தளத்துக்குள்ளும் போதுமான நீளம் ஓட வேண்டும். கம்பி கட்டுபவர் பழக்கத்தில் கீழே போட்டுவிடுவார், அல்லது கான்கிரீட் போடும்போது மிதித்தே கீழே இறக்கிவிடுவார்கள். கம்பி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் எந்த 3டி படத்திலும் ஒரே பால்கனியாகத்தான் தெரியும்.

2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை சுயசான்றில் உடனே அனுமதி என்கிறார்களே, அப்படியானால் நானே வரைந்த பிளான் போதும்தானே? — வாசகர், திருவள்ளூர்

2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் கட்ட அனுமதி வாங்குவதைச் சுலபமாக்கியது. முன்பக்கம், பக்கவாட்டில் விடும் இடம், உயரம் போன்றவை விதிப்படி இருக்கின்றன என்று நீங்களே பொறுப்பேற்றுச் சொல்கிறீர்கள். பீமில் எத்தனை கம்பி என்று அங்கே யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தருவதில்லை. அனுமதி கையில் வந்த அன்றைக்கு மேஸ்திரியை அழைக்காமல், முதலில் மண் பரிசோதனைக்கு ஆள் சொல்லுங்கள்.